ஒரு லாரிக்கு ஒரு கெலிண்டான்

அவர் வீட்டுக் கிரில் கதவைத் தட்டினால் முதலில் ஆள் வரமாட்டார். கேள்விதான் வரும்.

"யாரு? துஜுவான் என்ன?"

துஜுவான் என்றால் மலாயில் நோக்கம். தொழிற்சாலை வாசலில் வந்து நிற்கும் லாரியைப் பார்த்து ஜாகா கேட்கிற கேள்வி அது. எங்கள் அடுக்குமாடியில் கறிவேப்பிலை கேட்டுப் போகிறவர்களும் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"கறிவேப்பிலை ஆன்ட்டி. அம்மா கேட்டாங்க."

"எதுக்கு?"

"ரசத்துக்கு."

"எத்தன கொத்து?"

"ரெண்டு."

"ரசத்துக்கு ஒண்ணு போதும் லா."

ஒரு கொத்து கம்பிகளுக்கு நடுவே வெளியே நீளும். கதவு திறக்காது. கம்பிக்குள் நுழையும் பொருளுக்கு எதற்குக் கதவைத் திறக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதில் தப்பும் சொல்ல முடியாது.

மாசாயில் எங்கள் மாடியிலேயே சில வீடுகள் தள்ளி இருந்தார். பாசிர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையின் வாசலில் வேலை. காவலாளி என்று இங்கே யாரும் சொல்வதில்லை, ஜாகாதான். அதனால் அவர் பிளாக் முழுவதற்கும் ஜாகா ஆன்ட்டி. ஞானஸ்நானம் வாங்கியவர், பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் துஜுவான் என்ன என்றிருப்பார்.

வெள்ளைச் சட்டை, நீலக் காற்சட்டை, தோளில் விசில் கயிறு. வேலை முடிந்து வந்தாலும் குளிக்கிற நேரம் வரை அதே உடுப்புதான். தொப்பியை மட்டும் கழற்றிக் கணினித் திரையின் இடது மூலையில் மாட்டிவைப்பார். தொப்பி மறைத்த அந்த மூலையில் திரையில் என்னதான் வரும் என்று எனக்குப் பல காலம் தெரியாது. கணினிப் பெட்டியின் மேல், கையில் சாவியோடு நிற்கும் இராயப்பர் சுரூபம் ஒன்று இருந்தது.

"பரலோக வாசல்ல யாரு நிக்கிறாங்க தெரியும்ல? இவருதான். எங்க டிப்பார்ட்மென்ட்," என்பார்.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அப்பா லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டத்தில் பள்ளிக்குப் போன காலத்தைவிடப் பள்ளியிலிருந்து ஓடிவந்த காலம் அதிகம். அம்மாவை யாரும் அனுப்பவே இல்லை. நான் பல்கலைக்கழகத்துக்கு முந்திய படியான ஆறாம் படிவம் வரை போனேன், நல்ல தேர்ச்சியும் பெற்றேன். இதை அடக்கமாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இன்றுவரை வரவில்லை. ஆனால் வீட்டில் கணினி இல்லை. கடைவரிசையில் இருந்த இணையக்கடை குமிழித் தேநீர்க் கடையாக மாறிவிட்டது. எங்கள் மாடியில் கணினியும் இணையமும் சேர்ந்து இருந்த ஒரே வீடு ஆன்ட்டியுடையது. இப்படித்தான் எனக்குக் கிரில் கதவு திறந்தது. துஜுவான் படிப்பு என்றால் அவர் மறுபேச்சுப் பேசமாட்டார்.

கணினிக்குள்ளும் ஒரு வாசல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவந்தது ஒரு வியாழக்கிழமை. அவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பாட்டின் வரிகளைத் திரையில் போட்டு எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வரிகள் மறைந்து, அரைகுறை உடையில் ஒரு பெண் தோன்றித் தன் தொப்பை எப்படிக் கரைந்தது என்று திரும்பித் திரும்பிக் காட்டினாள். கண்ணை மூடிப் பாடியவர்கள் தப்பித்தார்கள். திறந்து வைத்திருந்தவர்களில் இருவர் மறுவாரம் அந்த மருந்தின் பெயரைக் கேட்டு வந்தார்கள் என்பது வேறு கதை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து, உலாவியில் ஒரு நீட்சியைப் போட்டுக்கொடுத்தார். நானும் அப்போது இருந்தேன்.

"அக்கா, நீங்க ஒரு பக்கத்த தொறந்தா, அந்தப் பக்கம் மட்டும் வராது. அதுகூட வெளியாளுங்களோட ஸ்கிரிப்ட்டும் சேந்து வரும். ஸ்கிரிப்ட்னா, நம்ம கம்ப்யூட்டருக்குள்ள வந்து வேல பாக்குற ஆளுன்னு வச்சுக்குங்க. அந்தப் பொம்பளய கொண்டு வந்ததும் அவங்கதான். இனிமே இது எல்லாரையும் வாசல்லயே நிறுத்திரும். நீங்க சொன்னாத்தான் உள்ள விடும். ஒரு ஜாகா மாதிரி."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

"ஜாகாவா?" ஆன்ட்டி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இவன் யாருகிட்ட ரிப்போர்ட் பண்ணுவான்?"

"உங்ககிட்டதான்."

"அப்பச் சரி."

அன்றிலிருந்து அது சின்ன ஜாகா. திரையின் வலது மூலையில் இருந்த சிறு படத்தைத் தட்டினால், வாசலில் நிற்பவர்களின் பெயர்கள் வரிசையாக இறங்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று வழி இருந்தது: அடியோடு தடுக்கலாம், இப்போதைக்கு விடலாம், எப்போதைக்குமாக விடலாம். தம்பி அதை விளக்கத் தொடங்கினார். ஆன்ட்டி கையைக் காட்டி நிறுத்தினார். இது அவருக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை. பிளாக்லிஸ்ட், விசிட்டர் பாஸ், ஸ்டாஃப் பாஸ்.

ஸ்டாஃப் பாஸ் அவர் கையிலிருந்து எளிதில் வராது. மாதா கோயில் பூசை நேரம் போடும் பக்கத்துக்கும் மழை வருமா என்று சொல்லும் பக்கத்துக்கும் கிடைத்தது. மற்ற யார் வந்தாலும் விசிட்டர் பாஸ்தான். விசிட்டர் பாஸ் என்றால் ஷிப்ட் முடியும்போது திரும்பி வந்தாக வேண்டும். தற்காலிக அனுமதிகளை மொத்தமாகப் பறிக்க நீட்சியில் ஒரு பொத்தான் இருந்ததை அவர் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். சாயங்காலம் ஐந்து மணி ஆனதும், கணினியில் யார் என்ன செய்துகொண்டிருந்தாலும், தோளுக்கு மேலே ஒரு கை வந்து அதை அழுத்தும். என் ஆறாம் படிவக் கட்டுரை ஒன்று அப்படிப் பாதி வாக்கியத்தில் போயிருக்கிறது.

"ஆன்ட்டி, இன்னும் ரெண்டு வரிதான்."

"இப்படித்தான் எல்லா லாரிக்காரனும் சொல்வான்."

லாரி என்பதுதான் அவருடைய கணினி அறிவியல் முழுவதும். லாரியில் ஓட்டுநரோடு சாமான் இறக்க வரும் உதவியாளை இங்கே கெலிண்டான் என்போம். ஒருநாள் நான் கட்டுரைக்காகச் செய்தித்தளம் ஒன்றைத் திறந்தேன். ஆன்ட்டி பின்னால் நின்று பெயர்களை விரலால் தொட்டு எண்ணினார்.

"இந்தா மேல இருக்கே, தளத்தோட சொந்தப் பேரு, இது லாரி. லாரி வரலாம். ஒரு லாரிக்கு ஒரு கெலிண்டான் வரலாம், சாமான் எறக்கணும்ல. இங்க பாரு, பதினேழு பேரு ஏறி வந்திருக்கான். ஒரு செய்தி படிக்க எதுக்கு மா பதினேழு கெலிண்டான்?"

"விளம்பரம், படம், எல்லாம் வேற வேற எடத்துலேந்து வருது ஆன்ட்டி."

"இவன் யாரு, அனலிட்டிக்ஸ்? நேத்து வந்த லாரிலயும் தொத்திக்கிட்டு வந்தான். முந்தாநாளும் வந்தான். எல்லாக் கம்பெனி லாரிலயும் ஒரே கெலிண்டானா? திருட்டுப்பய."

அனலிட்டிக்ஸ் பிளாக்லிஸ்டுக்குப் போனான். ஃபான்ட்ஸ் என்று ஒருவன் வருவான். அவன் எழுத்து கொண்டுவருகிறவன் என்று சொன்னேன். எழுத்துதான் இங்கேயே இருக்கிறதே என்று அவனையும் தடுத்தார். பிறகு சிடிஎன். பாதித் தளங்கள் அவன் இல்லாமல் எழுந்தே நிற்காது என்று மன்றாடிப் பார்த்தேன்.

"முழுப்பேரு என்ன?"

"தெரியல ஆன்ட்டி. சிடிஎன்னுதான் போட்டிருக்கு."

"இனிஷியல் மட்டும் சொல்றவன உள்ள விட்டா சூப்பர்வைசர் கிழிச்சிருவாரு."

அந்த வாசலுக்கு சூப்பர்வைசர் யாரும் கிடையாது, இராயப்பரைத் தவிர.

இதில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒருவனை உள்ளே விட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றினால், அவன் பின்னால் இன்னும் நாலைந்து பேர் புதிதாக வந்து நிற்பார்கள். "பாத்தியா, கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வாங்கன்னு சொன்ன கதையா இருக்கு," என்பார். ஆகவே அவர் வீட்டில் எந்தப் பக்கமும் முழுசாகத் தெரிந்ததில்லை. படம் இருந்தால் பட்டன் இருக்காது. பட்டன் இருந்தால் அது எதற்கு என்று சொல்லும் எழுத்து இருக்காது.

அதிகம் அடிபட்டவர் ஆன்ட்டியின் கணவர், அங்கிள். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், பேச்சு குறைவு, பந்து விளையாட்டு ஒன்றுதான் ஆசை. விளையாட்டுப் பக்கத்தில் குழுக்களின் பெயர்கள் வரும். நடுவில் கோல் எண்ணிக்கை வரவேண்டிய கட்டம் காலியாக இருக்கும்.

"மா, இந்த லைவ் ஸ்கோருன்னு இருக்கே, அத கொஞ்சம் விடேன்."

"துஜுவான்?"

"கோல் பாக்க."

"கோலு போட்டாச்சுன்னா நாளைக்குப் பேப்பர்ல வரும்."

அங்கிள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப்போடுவார். காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் கூச்சல் எழுந்தால் யாரோ கோல் போட்டுவிட்டார்கள் என்று தெரியும். யார் என்பதை முகத்தைச் சுருக்கி யோசிப்பார்.

கீழ்மாடி மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்போம், ஒருநாள் கேக் செய்முறை பார்க்க வந்தார். ஆன்ட்டி லாரியை விட்டார், ஒரு கெலிண்டானை விட்டார். பக்கம் திறந்தது. தலைப்பு இருந்தது. செய்முறை இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. அதற்குக் கீழே, செய்து பார்த்தவர்கள் எழுதிய கருத்துகள் மட்டும் வரிசையாக இருந்தன.

"ரெசிப்பி மானா?" என்றார் மக்சிக். செய்முறை எங்கே?

"இதுல இருந்தே எடுத்துக்கலாம்," என்றார் ஆன்ட்டி, அசராமல். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தேன், நன்றாக வந்தது என்று ஒருத்தி எழுதியிருந்தாள். எதில் பாதி என்று தெரியாது. எனக்குக் கூடுதல் நேரம் பிடித்தது என்று இன்னொருத்தி. எவ்வளவுக்கு மேல் கூடுதல் என்று தெரியாது. இருவரும் கருத்துகளை வைத்தே ஒரு கேக்கைச் சுட்டார்கள். அது பல மாதம் ஆன்ட்டி வீட்டு அறைக்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

கணினியில் பழகியதை வெளியிலும், வெளியில் பழகியதைக் கணினியிலும் அவர் மாற்றி மாற்றிச் செய்வார். எது எங்கிருந்து தொடங்கியது என்று சொல்ல முடியாது. ஒரு வருடம் வீடு மந்திரிக்க ஃபாதர் வந்தார். கூடவே உபதேசியார், பாட்டுப் பாட இரண்டு பெண்கள். ஆன்ட்டி கிரிலுக்கு உள்ளே நின்றார்.

"ஃபாதர் வாங்க. இவங்க எல்லாம்?"

"பாட்டுப் பாட வந்திருக்காங்க மா."

"ஒரு ஃபாதருக்கு ஒரு உபதேசியார் போதும் ஃபாதர். வீடு சின்னது."

ஃபாதர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். இரண்டு பெண்களும் நடைபாதையில் நின்று, கிரில் வழியாகவே உரக்கப் பாடினார்கள். அந்த வருடம் எங்கள் மாடியில் எங்கள் வீட்டையும் சேர்த்து எல்லா வீடும் மந்திரித்த மாதிரி ஆனது. அம்மாவுக்கு அதில் மகிழ்ச்சிதான்.

இப்படிப்பட்டவரைப் பார்த்து, நீ யார் என்று ஒருவன் கேட்டால் என்ன ஆகும்?

அங்கிளின் மோட்டார் சைக்கிளுக்குச் சாலைவரி புதுப்பிக்க ஆன்ட்டி ஒரு பக்கத்தைத் திறந்தார். கேப்ட்சா என்று ஒரு வெளியாள் வாசலில் நின்றான். அவனுக்கு விசிட்டர் பாஸ் கொடுத்தார். உள்ளே வந்தவன், 'நான் ரோபோ அல்ல' என்று ஒரு வரியைப் போட்டு, பக்கத்தில் இருந்த கட்டத்தில் டிக் செய்யச் சொன்னான்.

"இதென்னா?" என்றார் ஆன்ட்டி.

"நீங்க மனுஷியா மெஷினான்னு கேக்குது ஆன்ட்டி."

"யாரு கேக்குறது?"

"இப்ப நீங்க உள்ள விட்டீங்களே, அவன்தான்."

"என்கிட்ட பாஸ் வாங்கிட்டு உள்ள வந்து, என்னையே யாருன்னு கேக்குறானா? ஜாகாகிட்டயே ஜாகா வேல பாக்குறானா?"

அங்கிளின் முகத்தைப் பார்த்துத்தான் அன்று பொறுத்துக்கொண்டார். டிக் செய்தார். உடனே ஒன்பது படங்கள் வந்தன. பேருந்து உள்ள படங்களை எல்லாம் தேர்ந்தெடு என்றது. ஆன்ட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். தினமும் தொழிற்சாலைக்கு வரும் வண்டிகளை வகை பார்த்துக் குறித்துக்கொண்டு உள்ளே விடுகிறவர். பேருந்துகளைப் பட் பட்டென்று தட்டி, சரிபார் என்பதை அழுத்தினார்.

மறுபடி முயற்சி செய்யவும் என்றது.

ஒரு கட்டத்தில் வெள்ளை வேன் ஒன்று இருந்தது. "ஆன்ட்டி, அதையும் பஸ்ஸுன்னு நெனைக்குது போல. தட்டிருங்க," என்றேன்.

"அது வேன்."

"வேன்தான். ஆனா அதுக்குத் தெரியல."

"வேன பஸ்ஸுன்னு எழுதினா என்ன ஆகும் தெரியுமா? வேன் நிக்கிற எடம் வேற, பஸ் நிக்கிற எடம் வேற. என் ஆயுசுல நான் வேன பஸ்ஸுன்னு எழுதினதில்ல."

"மெஷின்தானே ஆன்ட்டி. விட்டுக் குடுங்க."

"மெஷினு என்னப் பாத்து நீ மெஷினான்னு கேக்குது. நான் விட்டுக் குடுக்கணுமா?"

கேப்ட்சாவின் பெயரைத் தேடிப் பிடித்து, அடியோடு தடுக்கும் இடத்தில் போட்டார். அந்த வாசலில் அவன் இனி ஒருபோதும் நுழையக் கூடாது என்று இராயப்பரைத் தொட்டுச் சொன்னார். அங்கிள் மறுநாள் விடுப்பெடுத்து, நேரில் போய் வரிசையில் நின்று வரி கட்டினார். திரும்பி வந்து ஒரே ஒரு வாக்கியம் பேசினார்.

"நானும் பாத்தேன் மா. அது வேன்தான்."

இனி என் கதை. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்தது. தபாலில் கடிதம் வந்தது. ஏற்கிறேன் என்று இணையத்தில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணி வரை என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. முதல் நாளே முடிந்திருக்க வேண்டிய வேலை. ஆனால் அப்பா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு லாயாங் லாயாங் போய்விட்டார். அங்கே சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் அது போனது. யாருக்கும் படிக்க வராது. எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். என் அத்தை அதைச் சாமி மேடையில் வைத்துக் குங்குமப் பொட்டு வைத்தார். அதற்குப் பிறகுதான் அப்பா அதை லேமினேட் செய்தார். பொட்டு, என் விண்ணப்ப எண்ணின் கடைசி இலக்கத்தின் மேல் நன்றாக உட்கார்ந்திருந்தது. இப்போது அதன்மேல் பிளாஸ்டிக்கும் இருந்தது.

அப்பா அத்தையையும் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தது கடைசி நாள் பிற்பகலில். என் கைப்பேசியில் அந்தப் பக்கம் திறந்தது. 'ஏற்கிறேன்' என்ற பொத்தான் மட்டும் திரைக்கு வெளியே எங்கோ நின்றது. நாங்கள் எல்லோரும் ஆன்ட்டி வீட்டுக்கு ஓடினோம்.

"யாரு? துஜுவான் என்ன?"

"யுனிவர்சிட்டி ஆன்ட்டி. அஞ்சு மணிக்குள்ள போடணும்."

கிரில் திறந்தது. "நீ வா. ஒரு ஸ்டூடன்டுக்கு எத்தன கெலிண்டான்? ஒருத்தர் மட்டும் வாங்க."

கடிதம் கையில் இருந்ததால் அப்பா கெலிண்டான் ஆனார். என் கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அம்மாவும் அத்தையும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்கள்.

பல்கலைக்கழகத்தின் பக்கம் முதலில் வெள்ளையாக வந்தது. ஆன்ட்டி லாரியை விட்டார். பின்னால் வந்தவர்களுக்கு விசிட்டர் பாஸ் கொடுத்தார். சிடிஎன் வந்தான், என் முகத்தைப் பார்த்து அவனையும் விட்டார், இனிஷியலோடு. எண்ணைத் தட்டும் கட்டங்கள் வந்தன. கீழே 'ஏற்கிறேன்' வந்தது. ஆனால் அது சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. எத்தனை முறை அழுத்தினாலும் அசையவில்லை. காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஆன்ட்டி, கேப்ட்சா."

அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"அவன் வந்தாத்தான் பட்டன் வேல செய்யும்."

"அவன் பிளாக்லிஸ்ட். வேற ஆள அனுப்பச் சொல்லு."

"யாருகிட்ட ஆன்ட்டி சொல்றது?"

வெளியே அத்தை அம்மாவிடம் கேட்டார். "என்னாச்சு? யாரு வரணுமாம்?"

"யாரோ ஒருத்தன் வரணுமாம். ஆன்ட்டி விட மாட்டேங்கிறாங்க."

"வந்துட்டுப் போகட்டுமே. ஒரு தேத்தண்ணி குடுத்து அனுப்பிரலாம்."

அப்பா கடிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னிக்கு விட்டா எடம் போயிரும்னு சொல்றா," என்றார் ஆன்ட்டியிடம், மெதுவாக. "ஊர்ல எல்லாருகிட்டயும் காட்டிட்டேன்." எனக்குக் கண் எரிந்தது. படிக்கப் போகிற பெண் கடிகாரத்தைப் பார்த்து அழுவது நன்றாயிருக்காது என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆன்ட்டி எழுந்தார். திரையின் மூலையில் இருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். மறுபடி உட்கார்ந்து, பிளாக்லிஸ்டைத் திறந்து, கேப்ட்சாவைக் கண்டுபிடித்தார்.

"அஞ்சு மணி வரைக்கும்," என்றார் அவனிடம். "அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது."

எண்ணைத் தட்டினேன். கடைசி இலக்கம் குங்குமத்துக்குள் இருந்தது.

"எட்டு," என்றார் அப்பா. "எட்டு மாதிரிதான் தெரியுது."

"மூணு," என்றார் அத்தை வெளியிலிருந்து. "நான்தானே பொட்டு வச்சேன். மூணு மேலதான் வச்சேன்."

"ஒனக்கு நம்பர் படிக்கத் தெரியுமா?"

"பஸ் நம்பர் பாத்துத்தானே ஏறுறேன். ஒனக்குத்தான் தெரியாது."

அப்பா சொன்ன எட்டைப் போட்டேன். கேப்ட்சா சாலை விளக்குகளைக் கேட்டான்; ஆன்ட்டி தட்டினார், ஏற்றுக்கொண்டான். ஆனால் அப்படி ஒரு எண்ணே இல்லை என்று பக்கம் சொன்னது. மூன்றைப் போட்டேன். கேப்ட்சா மறுபடி வந்தான். ஒன்பது படங்கள். பேருந்து உள்ள படங்களை எல்லாம் தேர்ந்தெடு.

பேருந்துகளை ஆன்ட்டி தட்டினார். கடைசி வரிசையில் வெள்ளை வேன் ஒன்று நின்றது. முன்பு வந்த அதே வேனா, வேறு வேனா, தெரியவில்லை. சுட்டியின் மேல் அவர் கை நின்றுவிட்டது. அது என்ன வண்டி என்று அப்பாவுக்கும் தெரியும்.

ஆன்ட்டி இராயப்பரைப் பார்த்தார். சுரூபத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைக்கப் போனவர், பாதியில் நிறுத்தினார்.

"நீங்களும் வாசல்ல நின்னு, ஆண்டவர தெரியாதுன்னு மூணு தடவ பொய் சொன்னவருதானே," என்றார் அவரிடம். "எனக்கு ஒரு தடவ."

வேனைத் தட்டினார்.

பச்சை டிக் விழுந்தது. சாம்பல் பொத்தான் நீலமானது. அழுத்தினேன். ஏற்பு பதிவாகிவிட்டது என்று ஒரு வரி வந்தது. வெளியே அம்மாவின் கையில் இருந்த என் கைப்பேசி, குறுஞ்செய்தி வந்து சிணுங்கியது. "எங்க, எங்க, எனக்குக் காட்டு," என்று அப்பா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு திரைப்பக்கம் குனிந்தார். அதற்குள் அவர் தோளுக்கு மேலே ஒரு கை வந்து பொத்தானை அழுத்தியது. பக்கம் வெள்ளையாகிவிட்டது.

"அஞ்சாயிருச்சு அண்ணே," என்றார் ஆன்ட்டி. "பாஸ் எல்லாம் வாங்கியாச்சு."

பிறகுதான் கிரில் திறந்து அம்மாவையும் அத்தையையும் உள்ளே விட்டார். எல்லோருக்கும் பால் சேர்க்காத தே ஓ கலக்கிக் கொடுத்தார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னார். ஆன்ட்டி காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "வேன பஸ்ஸுன்னு சொல்லிட்டேன்," என்று மட்டும் ஒருமுறை சொன்னார், யாரிடமும் இல்லாமல்.

அடுத்த ஞாயிறு ஆன்ட்டி பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யை ஃபாதரிடம் ஒப்புக்கொண்டு வந்ததாக அங்கிளிடமிருந்து தெரிந்துகொண்டேன். ஃபாதர் என்ன சொன்னாராம் என்று கேட்டேன்.

"என்னா வேன்னு கேட்டாராம்," என்றார் அங்கிள்.

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அங்கிளுக்கு வேறு துறைமுகத்தில் வேலை கிடைத்து அவர்கள் வீடு மாறிப் போனார்கள். என் கைப்பேசி எண்ணும் மாறிவிட்டது. தெரியாத எண்களுக்கு ஆன்ட்டி பதில் சொல்லியிருக்கவும் மாட்டார். நான் படித்து முடித்தேன், வேலை பார்க்கிறேன், சொந்தமாகக் கணினி வைத்திருக்கிறேன். அதிலும் ஒரு சின்ன ஜாகா இருக்கிறான். நான் ஆன்ட்டி அளவுக்கு இல்லை, சிடிஎன்னை விட்டுவிடுவேன். அனலிட்டிக்ஸ் வந்தால் மட்டும், திருட்டுப்பய என்று வாய் தானாகச் சொல்லிவிடும். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் ஊரைவிட்டுப் புறப்பட்ட காலை நினைவிருக்கிறது. புதிய மாணவர்களை ஏற்றிப்போக ஒரு பஸ் வரும், தெப்ராவில் பெட்ரோல் நிலையத்துக்கு முன்னால் நில்லுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா, அம்மா, அத்தை, இரண்டு பெட்டி, லேமினேட் செய்த கடிதம். ஆன்ட்டியும் வந்திருந்தார். அங்கிருந்தே வேலைக்குப் போவதாகச் சொல்லி முழு உடுப்பில், தொப்பியோடு நின்றார். வெகுநேரம் கழித்து ஒரு வண்டி வளைவில் திரும்பியது. வெள்ளை நிறம். சின்னது.

ஆன்ட்டி சாலையோரம் இறங்கிக் கையைக் காட்டினார். அது நின்றது. கண்ணாடியை இறக்கச் சொல்லி ஓட்டுநரிடம் துஜுவான் கேட்டார். அவர் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னார். ஆன்ட்டி குனிந்து உள்ளே பார்த்தார். பெட்டி ஏற்ற ஒரு ஆள் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"டிரைவர் ஒருத்தன், கெலிண்டான் ஒருத்தன். சரி, ஏறு," என்றார் என்னிடம்.

அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டே முனகினார். "பஸ்ஸுன்னு சொன்னாங்க. வேன அனுப்பியிருக்கானுங்க."

ஆன்ட்டி தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அது பஸ்ஸுதான் அண்ணே. ஒரு தடவ சொல்லியாச்சு. இனிமே மாத்த முடியாது."